கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகள்: ஓர் எளிய அறிமுகம்

"தேர்வில் ஒருவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்களுக்கு அது அநியாயம் இல்லையா?" மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஏற்பாடுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். உடன் படிப்பவர்கள் கேட்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், பல ஆண்டுகள் பாடம் நடத்திய பேராசிரியர்களும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. இதற்கு விடை பிடிபட்டுவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும் என்பதால் இங்கிருந்தே தொடங்குவோம்.

பொருளாதாரத் தேர்வு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளில் ஓர் அட்டவணை இருக்கிறது: ஆறு வரிசை, ஐந்து பத்தி, ஆண்டுவாரியாக ஏற்றுமதி, இறக்குமதி, விலைவாசி எண்கள். எந்த ஆண்டில் வர்த்தகப் பற்றாக்குறை மிக அதிகம், காரணம் என்ன என்பது கேள்வி. பார்வையுள்ள மாணவி அட்டவணையின் மேல் கண்ணை ஓட்டுகிறார். பெரிய இடைவெளி எங்கே என்று சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. பார்வையற்ற மாணவிக்கு அதே அட்டவணை காது வழியாக வருகிறது. கணினியில் எழுதுபவர் என்றால், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு கட்டமாகச் சொல்லும்: "வரிசை இரண்டு, பத்தி மூன்று, நானூற்றுப் பன்னிரண்டு." அடுத்த கட்டம், அதற்கடுத்த கட்டம். பத்தாவது எண் வரும்போது மூன்றாவது எண் நினைவில் மங்கியிருக்கும். திரும்பப் போக வேண்டும். ஸ்கிரைப், அதாவது கேள்வியைப் படித்துக் காட்டி, சொல்லும் விடையை எழுதித் தரும் உதவியாளர், வைத்து எழுதுபவர் என்றால், "நாலாவது வரிசையை இன்னொரு தடவை படிங்க" என்று கேட்க வேண்டும். விடை மனத்தில் உருவான பிறகும் அதை வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி, எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டு, திருத்த வேண்டும்.

இரண்டு பேருக்கும் பொருளாதாரம் ஒரே அளவு தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். நேரமும் ஒன்றாகவே இருந்தால் முதலாமவர் எல்லாக் கேள்விகளையும் முடிப்பார். இரண்டாமவர் பாதியில் நிற்பார். அந்த மதிப்பெண் வித்தியாசம் பொருளாதார அறிவில் இருந்து வந்ததல்ல. பார்வையை அளந்து, அதைப் பொருளாதார மதிப்பெண் என்று சான்றிதழில் அச்சடிக்கிறோம். கூடுதல் நேரம் அந்தப் பிழையைத் திருத்துகிறது. கேள்வித்தாள் மாறவில்லை, திருத்தும் முறை மாறவில்லை, தேர்ச்சிக்கான மதிப்பெண்ணும் மாறவில்லை.

சட்ட மொழியில் இதற்கு நியாயமான ஏற்பாடு என்று பெயர். 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதைத் தெளிவாக வரையறுக்கிறது. குறிப்பிட்ட ஒருவருக்கு, குறிப்பிட்ட ஒரு சூழலில், மற்றவர்களோடு சமமாக உரிமையைப் பெறத் தேவையான மாற்றத்தைச் செய்து தர வேண்டும். அந்த மாற்றம் நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றக் கூடாது. இவ்வளவுதான் வரையறையின் சாரம். அப்படிப்பட்ட ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்றும் அதே உடன்படிக்கை சொல்கிறது. அதன் 24ஆம் பிரிவு உயர்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

அப்படியானால் எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டுமா? இல்லை. படிப்பு எதை அளக்க வந்ததோ அதைத் தொடக் கூடாது. எழுத்துப்பிழையைச் சோதிப்பதற்கென்றே வைக்கும் தேர்வில், டிஸ்லெக்சியா என்ற வாசிப்பு, எழுத்துச் சிரமம் உள்ள மாணவர் பிழைதிருத்தி மென்பொருளைக் கேட்டால் மறுக்க நியாயம் உண்டு. அதே மாணவர் வரலாற்றுத் தேர்வில் கேட்டால் மறுக்க நியாயம் இல்லை. அங்கே அளக்கப்படுவது வரலாறு. செவிலியர் படிப்பில் இதயத் துடிப்பைக் கேட்டறியும் திறன் கட்டாயம். ஆனால் அதைச் சாதாரண ஸ்டெதஸ்கோப்பால்தான் கேட்க வேண்டும் என்பது கட்டாயமா? ஒலியைப் பெருக்கும் ஸ்டெதஸ்கோப்புகள் இருக்கின்றன, துடிப்பைத் திரையில் வரைந்து காட்டுபவையும் இருக்கின்றன. பெரும்பாலான வாக்குவாதங்கள் இந்த இடத்தில்தான் எழுகின்றன. "எங்கள் பாடத்தில் இது முடியாது" என்று ஒரு துறை சொல்லும்போது, முடியாதது பாடமா, அல்லது இத்தனை நாள் பாடம் நடத்திப் பழகிய விதமா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

இந்த உதவிகள் பல்கலைக்கழகங்களுக்குள் தானாக வந்துவிடவில்லை. மாணவர்கள் போராடி வாங்கியவை. அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவருக்குப் பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. உடற்பயிற்சிப் பாடத்தையும் கார் ஓட்டும் பயிற்சியையும் முடிக்கவில்லை என்பதற்காக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையே தர மறுத்தார்கள். தாயும் மகனும் வாதாடி வாங்கினார்கள். 1962இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, இரவில் அவர் மூச்சுவிடத் தேவையான இரும்பு நுரையீரல் என்ற பெரிய இயந்திரத்தை வைக்க விடுதியில் வழியில்லை. வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். பிறகு அவரைப் போன்ற இன்னும் சில மாணவர்கள் அங்கே வந்து சேர, அவர்கள் ஒன்றுகூடி 1970இல் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென ஓர் உதவித் திட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கவைத்தார்கள். உதவியாளர்களைத் தேடித் தருவது, ஏறி இறங்க வசதியான வீடு பார்த்துத் தருவது, பழுதான சக்கர நாற்காலியைச் சரிசெய்வது எல்லாம் அதன் வேலை. என்ன தேவை என்பது அதைத் தினமும் அனுபவிப்பவர்களுக்குத்தான் தெரியும் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. வேலை பார்க்க முடியாத அளவு ஊனம் என்று சொல்லி ராபர்ட்ஸுக்கு உதவ முதலில் மறுத்த மாநில மறுவாழ்வுத் துறைக்கே அவர் 1975இல் இயக்குநராக நியமிக்கப்பட்டார்.

யாருக்கு இது பொருந்தும்?

சக்கர நாற்காலி, வெள்ளைக்கோல், காதுக் கருவி என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நினைத்தால் பாதிப் பேர் விடுபட்டுப்போவார்கள். வலிப்பு நோய், சிறுநீரகச் சிகிச்சை, கடும் மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு, ஆட்டிசம், டிஸ்லெக்சியா ஆகிய எல்லாம் இதில் அடங்கும். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாரம் உண்டு: ஒவ்வொரு முறையும் நம்பவைக்க வேண்டும். "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்ற ஒரு கேள்வி, உதவி கேட்க வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். எத்தனையோ பேர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

ஒரே குறைபாடு உள்ளவர்களுக்கெல்லாம் ஒரே உதவி என்பதும் சரியாக வராது. காது கேளாத இரண்டு மாணவர்களில் ஒருவர் சைகை மொழியில் வளர்ந்தவராக இருப்பார். இன்னொருவருக்குச் சைகையே தெரியாது, காதுக் கருவியும் உதட்டசைவும் எழுத்து வரிகளும்தான் துணை. அவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் யாருக்கும் பயனில்லை. பிறவியிலேயே பார்வையற்றவர் பிரெய்லில் சரளமாகப் படிக்கக்கூடும். இருபது வயதில் பார்வையை இழந்தவருக்கு விரலால் படிப்பது புதிது. ஒலி வடிவமே கைகொடுக்கும். மருத்துவப் பெயரை மட்டும் பார்த்து ஏற்பாட்டைத் தீர்மானிக்க முடியாது.

பாடப்புத்தகம் கைக்கு வருவது

எல்லா உதவிகளிலும் அதிகம் பேசப்படாததும் அன்றாடம் அதிகம் தேவைப்படுவதும் இதுதான். பேராசிரியர் ஒரு புத்தகத்தின் முப்பது பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புகிறார். மற்றவர்களுக்கு அது முப்பது பக்கம். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் மாணவருக்கு அது ஒன்றுமே இல்லை; பக்கம் முழுவதும் படம், உள்ளே எழுத்து என்று எதுவும் கிடையாது, குரல் எதையும் வாசிக்காது. எழுத்துணரி மென்பொருளில் போட்டு எழுத்தாக மாற்றலாம். ஆனால் கோணலாக ஸ்கேன் செய்த பக்கம், ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய குறிப்பு, இரண்டு பத்தியாக அச்சான பக்கம் என்றால் வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். யாராவது உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் நல்ல தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள். ஸ்கிரீன் ரீடர் அதைப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் அரைப்புள்ளிகளாகவும் வாசிக்கும். அதே பாடத்தை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட பொது முறையான யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் தடையே இல்லை. பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் 2006இல் உருவாக்கத் தொடங்கி இலவசமாகவே தரப்படும் என்விடிஏ என்ற மென்பொருள் யூனிகோடு தமிழையும் வாசிக்கும். தமிழில் பாடக்குறிப்பு தயாரிக்கும் ஆசிரியர் இந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், ஒரு மாணவரின் ஒரு பருவமே மாறும். தலைப்புகளை வெறுமனே தடித்த எழுத்தில் போடாமல், மென்பொருளில் உள்ள தலைப்பு வசதியைக் கொண்டு போட்டால், நாம் பக்கம் புரட்டுவதுபோல் அவர்கள் தலைப்பில் இருந்து தலைப்புக்குத் தாவிச் செல்ல முடியும். படத்துக்கு இரண்டு வரி விளக்கம் சேர்க்கலாம். கணிதச் சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் சமன்பாட்டுக் கருவியிலேயே எழுதலாம்.

பதிப்புரிமை காரணமாகப் புத்தகத்தை வேறு வடிவத்துக்கு மாற்றத் தயங்கும் நூலகங்கள் உண்டு. அந்தத் தயக்கத்துக்கு முடிவு கட்டவே 2013இல் மராக்கேஷ் உடன்படிக்கை உருவானது. 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அச்சுப் புத்தகத்தைப் படிக்க முடியாதவர்களுக்காக அதைப் பிரெய்ல், ஒலி, மின்னூல் வடிவங்களுக்கு மாற்றவும் நாடுகளுக்கு இடையே பகிரவும் அது வழிசெய்கிறது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா.

எந்த வடிவமாக இருந்தாலும் வகுப்புக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். பருவத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு வந்து சேரும் பிரெய்ல் புத்தகம், கணக்குப்படி கொடுக்கப்பட்ட உதவி. மாணவரைப் பொறுத்தவரை கொடுக்கப்படாத உதவி. தாமதத்தை நான் மறுப்பாகவே எண்ணுகிறேன்.

வகுப்பறையும் வளாகமும்

சைகை மொழிபெயர்ப்பாளர் பேராசிரியரின் பேச்சைக் கேட்டு, பொருளை உள்வாங்கிப் பிறகே சைகையாக்குகிறார். எனவே சில நொடிகள் பின்னால்தான் வருவார். "யாராவது சொல்லுங்கள்" என்று கேட்டவுடனே விடை வாங்கும் வகுப்பில், காது கேளாத மாணவர் கேள்வியைப் பார்த்து முடிக்கும் முன்பே யாரோ பதில் சொல்லியிருப்பார்கள். கேள்வி கேட்டபின் ஐந்து நொடி பொறுத்தால் அவரும் கை தூக்க முடியும். இன்னொன்று: கண் ஒரு நேரத்தில் ஓரிடத்தைத்தான் பார்க்கும். கரும்பலகையில் வரைபடத்தைக் காட்டிக்கொண்டே பேசினால், அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பதா பலகையைப் பார்ப்பதா? குனிந்து குறிப்பெடுக்கவும் முடியாது. இதனால்தான் குறிப்பெடுத்துத் தரும் ஒருவரும் சேர்ந்து தேவைப்படுகிறார். உதட்டசைவை நம்பியிருக்கும் மாணவருக்கு, ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் ஒவ்வொரு வாக்கியமும் இழப்பு. காணொளிகளுக்குத் தானியங்கியாக வரும் எழுத்து வரிகள் அன்றாடப் பேச்சுக்குப் பரவாயில்லை. கலைச்சொல்லும் ஆட்பெயரும் வரும் இடத்தில் தடுமாறும். தேர்வுக்குத் தேவையான சொற்கள் அவைதான் என்பதால் ஒருவர் பார்த்துத் திருத்தியே ஆக வேண்டும்.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாய்தளம், லிஃப்ட், அகலமான கதவு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுபடுவது கழிப்பறையும் ஆய்வகமும். சக்கர நாற்காலியோடு உள்ளே போகக் கழிப்பறை இல்லாத வளாகத்தில், காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்காரும் மாணவிகள் இருக்கிறார்கள். வாசலில் எவ்வளவு அழகான சாய்தளம் கட்டியிருந்தாலும் அவர்களுக்கு அந்த வளாகம் மூடியே இருக்கிறது. ஆய்வக மேசை நின்று வேலை செய்யும் உயரத்தில் மட்டுமே இருந்தால், உட்கார்ந்தபடி சோதனை செய்யும் மாணவி பார்வையாளராகவே இருந்துவிடுவார். லிஃப்ட் பழுதானால் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற யாரிடம் சொல்ல வேண்டும் என்ற நடைமுறை முன்கூட்டியே இருக்க வேண்டும்.

நாள்பட்ட நோய், மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நேரத்தில் நெகிழ்வு: வருகைப்பதிவில் தளர்வு, ஒப்படைப்புக்குக் கூடுதல் நாள், ஒரு பருவத்துக்குக் குறைந்த பாடங்கள். சத்தமும் நடமாட்டமும் குறைந்த தனி அறையில் தேர்வு எழுதுவது கவனக்குறைவுக் கோளாறு உள்ளவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்கிரைப்

ஸ்கிரைப் சொல்வதை எழுத வேண்டும். சொல்லாததை எழுதக் கூடாது, விடையைத் திருத்தவும் கூடாது. இந்த நேர்மை முக்கியம். ஆனால் அதற்காகப் பாடத்தின் வாடையே தெரியாதவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால், "வகைக்கெழு" என்பதை எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுப்பதிலேயே நேரம் கரையும். தேர்வுக்கு முன்பே இருவரும் சந்தித்து, ஒரு பழைய கேள்வித்தாளை வைத்து எழுதிப் பழகுவது நல்லது. சொல்லி எழுதவைப்பது தனியாகப் பயில வேண்டிய திறமை. கையால் எழுதுபவர்கள் நினைப்பதைவிடக் கடினமானது. தானே தட்டச்சு செய்யக்கூடியவருக்குக் கணினியே மேல் என்பது என் எண்ணம். இன்னொருவரின் வேகத்தையும் மனநிலையையும் நம்பியிருக்க வேண்டாம்.

ஸ்கிரைப் யாருக்குத் தரலாம் என்பதில் இந்திய உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. எழுதும்போது கைத்தசை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கோளாறு கொண்ட ஒருவர் குடிமைப்பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டார். 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்று மறுக்கப்பட்டது. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவுகோல், நியாயமான ஏற்பாட்டுக்கு அது நிபந்தனை ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. சதவீதம் குறைவு என்று கைவிரிக்கப்படும் மாணவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

எப்படிக் கேட்பது?

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கும். மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையம், சம வாய்ப்பு மையம் என்று பெயர் இடத்துக்கு இடம் மாறும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு: பள்ளியில் ஆசிரியரும் பெற்றோரும் கவனித்துச் செய்வார்கள், கல்லூரியில் மாணவர்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். சேர்க்கைக் கடிதம் கையில் வந்த வாரமே எழுதுங்கள். புத்தகத்தை மாற்றவும் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும் மாதக்கணக்கில் ஆகலாம்.

மருத்துவச் சான்று கேட்பார்கள். "இன்ன நோய், இத்தனை சதவீதம்" என்று மட்டும் இருக்கும் சான்று போதுமான தகவல் தராது. அந்தக் குறைபாடு படிப்பில் எந்த வேலையை எப்படித் தடுக்கிறது என்று மருத்துவரை இரண்டு மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். உங்கள் விண்ணப்பமும் அப்படியே இருக்கட்டும். "எனக்குப் பார்வை குறைவு, உதவி செய்யவும்" என்று எழுதினால் அலுவலர் எதைச் செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: "வழக்கமான அச்சு எழுத்தை என்னால் படிக்க முடியாது, 24 புள்ளி அளவில் படிக்க முடியும், ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து படித்தால் கண் வலிக்கும். எனவே கேள்வித்தாள் 24 புள்ளி எழுத்தில் வேண்டும், இடையில் ஓய்வுக்கு நேரம் வேண்டும், வகுப்பில் காட்டும் ஸ்லைடுகள் முந்தைய நாளே மின்னஞ்சலில் வேண்டும்." இதைப் படிப்பவருக்குத் தான் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே எழாது.

நோயின் பெயரை எல்லாப் பேராசிரியர்களிடமும் சொல்லத் தேவையில்லை. நல்ல மையங்கள் மருத்துவ விவரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை மட்டும் துறைக்கு எழுதும். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இந்த ரகசியம் பெரிய பாதுகாப்பு. நேரில் பேசி முடிவான எதையும் அன்றே மின்னஞ்சலில் சுருக்கமாக எழுதி அனுப்பிவிடுங்கள். பொறுப்பில் இருப்பவர் மாறினாலும் எழுதியது இருக்கும்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கூடவே, "இது முடியாது என்றால் வேறு என்ன செய்ய முடியும்?" என்றும் கேளுங்கள். கேட்ட ஏற்பாடு உண்மையிலேயே அளவுக்கு மீறிய சுமை என்றாலும், மாற்று வழியைத் தேடிப் பார்க்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் அந்தந்த நாட்டுச் சட்டம் துணை. அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் 504ஆம் பிரிவும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். மாணவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடைகளை நீக்கும் கடமையை அது கல்வி நிறுவனங்கள் மேல் வைக்கிறது. இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு ஒதுக்கச் சொல்கிறது. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டு நெறி.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். "என் வகுப்பில் உனக்கு எது சிரமமாக இருக்கிறது?" என்று தனியே கேளுங்கள். பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இதையும் இதையும் கூட்டினால் இது வரும்" என்று விரல் காட்டிச் சொல்வது பார்வையற்றவர் காதில் வெறும் காற்று. குறிப்புகளை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் யாரும் தனியாக வந்து கேட்க வேண்டியதில்லை. மொழி புதிதாக இருக்கும் மாணவரும், காய்ச்சலில் படுத்த மாணவரும் அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பருவமும் தொடங்கும்போது ஏற்பாடுகளைப் புதிதாகப் பாருங்கள். கோட்பாட்டுப் பாடத்துக்குப் போதுமாக இருந்தது ஆய்வகத்துக்குப் போதாமல் போகலாம். களப்பணி, பயிற்சிப் பணி என்று வளாகத்துக்கு வெளியே போகும் பருவம் வந்தால் இரண்டு மடங்கு முன்னதாகவே தொடங்க வேண்டும்; அங்கே பயிற்சி தரும் நிறுவனத்தோடும் பேச வேண்டியிருக்கும். யார் பேசுவது, துறையா மையமா என்பதை முதலிலேயே கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள்.